கொடைக்கானல் பக்கம் பதினான்கு பேருடன் ஒரு திறந்தவெளிக் கல்யாணம்: இடம், பனிமூட்டம், கேமரா பற்றி யோசனை தேவை

சாரல்மலர் | அக்டோபர் 12

வணக்கம். வருகிற தை மாதக் கடைசியில் எனக்குத் திருமணம். மண்டபம் இல்லை, மேளம் இல்லை, மூன்று பந்தி சாப்பாடு இல்லை. இரு பக்கமும் சேர்த்துப் பதினான்கு பேர்தான். கொடைக்கானல் பக்கம் பள்ளத்தாக்கு தெரிகிற ஓர் இடத்தில், சூரியன் மறைகிற நேரத்தில் மாலை மாற்றித் தாலி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நான் திருப்பூர், அவர் மதுரை. சாதி வேறு. அவர் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். என் வீட்டில் அம்மா வருகிறார், அம்மாயி (அம்மாவின் அம்மா) வருகிறார். அப்பா இதுவரை வாயே திறக்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: கூட்டம் இல்லாத இடம் எது? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? நண்பர் ஒருவரிடம் நல்ல கேமரா இருக்கிறது, ஆனால் அவர் இதுவரை பறவைகளை மட்டுமே எடுத்திருக்கிறார். அவரை நம்பலாமா? அம்மாயிக்கு வயது 76, மூட்டு வலி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பூம்பாறைக்காரன் | அக்டோபர் 12

முதலில் வாழ்த்துகள். அடுத்து, அந்த மாலை நேர ஆசையை விட்டுவிடுங்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தை, மாசியில் காலை பளிச்சென்று இருக்கும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவரும் நாட்கள் நிறைய. ஏறிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற மாப்பிள்ளையே தெரிய மாட்டார், பள்ளத்தாக்கு எங்கே தெரியப் போகிறது? காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

தூண் பாறை, கோக்கர்ஸ் வாக், பைன் காடு எதுவும் உங்களுக்கு ஆகாது. தாலி கட்டும்போது பின்னால் நான்கு பேர் சோளம் தின்றுகொண்டு நிற்பார்கள். ஆளில்லாத புல்வெளி என்று யாராவது இணையத்தில் படம் காட்டினால் அதையும் நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வனத்துறை நிலம். 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமும் ஆகிவிட்டது. பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும், இதில் நாற்காலியும் பூவளைவும் எப்படி?

சொந்த நிலத்தில் விடுதி நடத்துகிறவர்களைக் கேளுங்கள். பூம்பாறை, மன்னவனூர் வழியில் படிக்கட்டு வயல்களைப் பார்த்தபடி வீடுகள் இருக்கின்றன. பூண்டும் கேரட்டும் விளைகிற வயல்கள். படத்துக்கு அதைவிட நல்ல பின்புலம் கிடையாது.

வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். வண்டிக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று அல்ல. தண்ணீருக்கு எவர்சில்வர் குடமோ கேனோ கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பாட்டில் கட்டோடு வந்தால் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்வீர்கள்.

மொட்டைமாடி | அக்டோபர் 12

பதினான்கு பேருக்கு மலை எதற்கு? வீட்டு மொட்டை மாடியில் ஒரு பந்தல் போட்டால் முடிந்தது. மிச்சக் காசுக்கு ஒரு பவுன் வாங்கலாம்.

சாரல்மலர் | அக்டோபர் 12

எங்கள் மொட்டை மாடிக்கு நாலாபக்கமும் பனியன் கம்பெனிதான் தெரியும் அண்ணா. எதிர் மாடியில் சாயம் போட்ட துணி காயும்.

வக்கீல் மாமா | அக்டோபர் 13

இடம், பூ எல்லாம் பிறகு. சட்டத்தை முதலில் முடித்துக்கொள்வோம்.

1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்தோடு 7-ஏ பிரிவு சேர்ந்தது. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால் புரோகிதர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரிகிற மொழியில் சொன்னாலும் சரி, மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, திருமணம் செல்லும். கேரட் வயலில் நடந்தாலும் செல்லும். இதைப் பலரறிய அறிவித்துச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மதம் வேறாக இருந்தால் பாதை வேறு. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எந்த வழியானாலும் பதிவு கட்டாயம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. இங்கேதான் மலைக்கல்யாணக்காரர்கள் தடுமாறுகிறார்கள். பதிவுக்குப் போனால் அழைப்பிதழ் எங்கே, கல்யாணப் படம் எங்கே என்று கேட்பார்கள். பதினான்கு பேருக்கு அழைப்பிதழ் எதற்கு என்று நீங்கள் அச்சடித்திருக்க மாட்டீர்கள். இருபதாவது அச்சடியுங்கள், தேதியும் இடமும் தெளிவாக இருக்கட்டும். மாலையோடு இருவர் முகமும் நேராகத் தெரிகிற படம் ஒன்று கட்டாயம் வேண்டும். மேகத்துக்குள் இரண்டு நிழல் நிற்கிற கலைப்படத்தை நீட்டினால் சார்பதிவாளர் என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இலக்கணத் தேனீ | அக்டோபர் 13

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். கொஞ்சம் வழிதவறிப் பேச அனுமதி கொடுங்கள். ஊர்ப்பேச்சில் இதை ‘ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள்’ என்று முகம் சுளித்துச் சொல்வார்கள். அகத்திணையில் இதற்கு உடன்போக்கு என்று எவ்வளவு மரியாதையான பெயர் இருக்கிறது பாருங்கள். அவள் ஓடவில்லை, உடன் போகிறாள். ஆனால் உடன்போக்கு பாலைத் திணைக்கு உரியது, வெயிலும் கல்லுமான வழி. மலையோ குறிஞ்சி, அங்கே புணர்தல். நீங்கள் வத்தலக்குண்டு வெயிலில் பாலையாகப் புறப்பட்டு, மேலே போய்க் குறிஞ்சியில் சேர்கிறீர்கள். குறிஞ்சிக்குப் பெரும்பொழுது, அதாவது பருவம், கூதிரும் முன்பனியும். தை முன்பனியில் அடங்கிவிடுகிறது, தேதி சரியாகவே அமைந்திருக்கிறது. நீலக்குறிஞ்சிதான் இருக்காது. கடைசியாக 2018இல் பூத்தது, இனி 2030.

மொட்டைமாடி | அக்டோபர் 13

டீச்சர், மார்ச் பாதிக்கு மேல் வந்தால் மலையே காய்ந்து பாலைதான். இதையும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: வண்ணப் புகைக்குச்சி, பறக்கிற காகித விளக்கு என்று எதையும் கொண்டுபோகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஒளிவாசகன் | அக்டோபர் 15

கோவையில் பதினொரு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படிச் சின்னக் கல்யாணங்கள் ஒன்பது எடுத்திருக்கிறேன். கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் தவறு நடந்தால் மறைக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். பதினான்கு பேரில் ஒருவர் கொட்டாவி விட்டாலும் படத்தில் விழும். அதனால் சின்னக் கல்யாணத்துக்குத்தான் திட்டம் அதிகம் வேண்டும்.

ஒளி. பிப்ரவரி முதல் வாரத்தில் அங்கே சூரியன் உதிப்பது சுமார் 6.40. எதிரே மலைமுகடு இருந்தால் உங்கள் புல்தரையில் வெயில் விழ இன்னும் அரைமணி ஆகும். முன்தினம் காலையிலேயே போய் நின்று, எத்தனை மணிக்கு எந்த மூலையில் வெயில் தொடுகிறது என்று பார்த்துக் கல் வைத்து அடையாளம் செய்யுங்கள். கிழக்கே பள்ளத்தாக்கு இருந்து அதையே பின்புலமாக வைத்தால், வெயில் இருவர் முதுகிலும் விழும், முகம் கறுக்கும். ஃபிளாஷ் வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன்: கரை இல்லாத எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றைச் சித்தப்பாவும் மச்சானும் விரித்துப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு இடப்பக்கம் நிற்பார்கள். வெயில் அதில் பட்டு முகத்தில் திரும்பும். கடையில் விற்கிற எந்தத் தட்டும் அவ்வளவு மென்மையாகக் கொடுக்காது. சும்மா நிற்கும் இரண்டு ஆண்களுக்கு வேலையும் ஆயிற்று.

பச்சை. இதை யாரும் சொல்ல மாட்டார்கள். புல்தரையிலும் தேயிலைக்கு நடுவிலும் நின்றால் கீழேயிருந்து பச்சை ஏறி, தாடையடியிலும் வேட்டியிலும் பாசி பிடித்த மாதிரி விழும். காலடியில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். பாதி போய்விடும், பாதம் பனியில் நனையாமலும் இருக்கும்.

மேகம் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் கேமரா பயப்படும். வெள்ளையைப் பார்த்து ஒளி அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். கேமராவில் ஒளி அளவை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள். குவியமும் (ஃபோகஸ்) பிடிபடாமல் முன்னும் பின்னும் அலையும். அப்போது முகத்தை விட்டுவிட்டுச் சேலையின் சரிகைக் கரையில் குவியுங்கள், அழுத்தமான கோடு அதுதான்.

குளிர். இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும், மாற்றுப் பேட்டரியை பையில் வைக்காமல் சட்டை உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளியில் குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் லென்ஸில் வியர்க்கும். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, உள்ளே வந்து அரைமணி கழித்துத் திறக்க வேண்டும்.

இனி அந்த ஒரு நிமிடம். தாலியைக் கையில் எடுப்பதிலிருந்து மூன்றாம் முடிச்சு வரை அரை நிமிடம்கூட இருக்காது. மணப்பெண்ணின் சடையையும் பின்மாலையையும் தூக்கிப் பிடிப்பது யார் என்று முன்பே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் நான்கு கை ஒரே நேரத்தில் வந்து முடிச்சை மறைக்கும். மாலை ஒல்லியாக இருக்கட்டும், தாலி தெரியும். அட்சதையை முதல் முடிச்சிலேயே வீசிவிடுவார்கள், அரிசி லென்ஸுக்கு முன்னால் வெள்ளைக் கோடாகப் பறக்கும். மூன்றாம் முடிச்சுக்குப் பிறகு என்று அம்மாயியிடம் சொல்லி வையுங்கள், மற்றவர்கள் அவரைப் பார்த்து வீசுவார்கள்.

கடைசியாக உங்கள் பறவை நண்பர். கூப்பிடுங்கள். பறவை எடுக்கிறவனுக்குப் பொறுமை உண்டு, சத்தம் போடாமல் நிற்கத் தெரியும். கல்யாணப் படக்காரர்கள் பலருக்கு, என்னையும் சேர்த்து, இந்த இரண்டும் குறைவு. ஆனால் அந்தப் பீரங்கி லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு 35 மி.மீ.யும் 85 மி.மீ.யும் வாடகைக்கு எடுத்து வரட்டும். ஒரு வாரம் முன்பே எடுத்து, வீட்டில் யாரையாவது நிற்க வைத்துப் பழகட்டும். கேமராவின் இரண்டு நினைவக அட்டையிலும் ஒரே நேரத்தில் பதியுமாறு வைக்கச் சொல்லுங்கள்.

குன்னூர் மருமகள் | அக்டோபர் 16

எங்கள் கதையைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். மூன்று வருடம் முன்பு குன்னூர் அருகே ஒரு விடுதியில் இதே மாதிரி ஏற்பாடு. ‘மொத்தத் தோட்டமும் உங்களுக்குத்தான்’ என்றார்கள். அன்று காலை போய்ப் பார்த்தால் அதே தோட்டத்தில் இன்னொரு குழுவுக்குப் பிறந்தநாள், காற்றடைத்த யானை பொம்மை ஒன்று நடுவில் நிற்கிறது. எங்கள் கல்யாணப் படம் பாதியில் அந்தத் துதிக்கை எட்டிப் பார்க்கும். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எந்தப் பகுதி என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று டிரோன். என் கொழுந்தன் ஆசையாகக் கொண்டுவந்தான். வெலிங்டன் ராணுவக் கல்லூரி ஒரு பக்கம், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இன்னொரு பக்கம். பறக்கவிட்டிருந்தால் கல்யாணத்தைக் காவல் நிலையத்தில் வைத்து முடித்திருப்போம். நல்லவேளை, பெட்டியைத் திறக்கும்போதே விடுதிக் காவலாளி தடுத்துவிட்டார்.

பூம்பாறைக்காரன் | அக்டோபர் 16

காட்டை ஒட்டிய இடத்திலும் அதே கதைதான். டிரோன் வேண்டாம்.

ஹட்டன் தேயிலை | அக்டோபர் 17

இலங்கையில் மலையகத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுக்குப் போகிறவர்களிடம் ‘காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு பார்க்க வெள்ளைத் துணி மட்டும்தான்’ என்போம். பூம்பாறை நண்பர் சொல்வது எந்த மலைக்கும் பொருந்தும். என் அக்காவின் பதிவுத் திருமணப் படங்களில் ஒன்றில்தான் பள்ளத்தாக்கு தெரிகிறது. மற்ற எல்லாவற்றிலும் பனிப்புகார். ஆனால் அக்காவுக்குப் பிடித்தவை அந்த மற்றவைதான்.

மதுரைமல்லி | நவம்பர் 2

பூ பற்றி ஒருவரும் பேசவில்லையே! மேலே போய் வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். மதுரையிலிருந்து வரும் வேன் நிலக்கோட்டைப் பூச்சந்தை வழியாகத்தான் வரும். முன்தினம் அங்கே கட்டச் சொல்லி வாங்கி, வாழையிலையில் சுற்றி ஈரத்துணி போர்த்திக் கூடையில் வையுங்கள். மேலே குளிரே குளிர்பதனப் பெட்டி. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து சுருங்கி, கிலோ ஆயிரங்களுக்குப் போய்விடும். சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும் மாலைக்குப் போதும், தலைக்கு மட்டும் மல்லி. வேனில் வாந்தி மாத்திரையும் எலுமிச்சம்பழமும் இருக்கட்டும். வத்தலக்குண்டு தாண்டி வளைவு தொடங்கினால் என் சின்ன மாமியார் மாதிரி ஒருவராவது கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்பார்.

ஒளிவாசகன் | நவம்பர் 2

நன்றி அக்கா. ஒன்று விட்டுப்போயிற்று. மலைக் கல்யாணப் படங்களின் பெரிய எதிரி குரங்குக் குல்லா. பட்டுச்சேலை, பவழமாலை, மேலே பழுப்புக் கம்பளிக் குல்லா. தாலி கட்டுகிற ஐந்து நிமிடம் மட்டும் எல்லோரும் கழற்றிவிடுங்கள்.

இலக்கணத் தேனீ | நவம்பர் 2

எதற்குக் கழற்ற வேண்டும்? 76 வயதுப் பெண்மணி பத்து டிகிரியில் தலையைத் திறந்து நிற்க வேண்டும், உங்கள் படம் அழகாக வர வேண்டும், அப்படித்தானே?

ஒளிவாசகன் | நவம்பர் 3

அம்மாயிக்கு விலக்கு. மற்றவர்கள் கழற்றட்டும்.

சாரல்மலர் | டிசம்பர் 20

இதுவரை முடிவானவை: பூம்பாறை செல்லும் சாலையில் ஒரு வீடு. பள்ளத்தாக்கு ஓரமாகப் பாறைமேல் நிற்கலாம் என்று முதலில் பார்த்தோம், அதற்கு நூற்றிருபது படி இறங்க வேண்டும். அம்மாயியால் முடியாது. வீட்டுப் பின்புறப் புல்தரையே போதும் என்று விட்டுவிட்டோம், அங்கிருந்து வயல்கள் தெரிகின்றன. தேதி ஒரு வியாழக்கிழமை, வார இறுதிக் கூட்டம் இருக்காது. நண்பர் லென்ஸ் வாடகைக்கு எடுக்கிறார். அழைப்பிதழ் இருபது அச்சாகிவிட்டது வக்கீல் மாமா.

ஒரே சிக்கல். ஒளிவாசகன் அண்ணா 7.10 நல்ல வெயில் என்கிறார். வியாழக்கிழமை ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம் என்கிறார் அம்மாயி. புரோகிதரே இல்லாத கல்யாணத்துக்கு எமகண்டம் எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டுப் பார்த்தார், அம்மாயி பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார்.

ஒளிவாசகன் | டிசம்பர் 20

7.31.

சாரல்மலர் | பிப்ரவரி 15

திருமணம் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், கொஞ்சம் கதையும் இருக்கிறது.

7.20க்கு எல்லாம் தயார். ஜமுக்காளம் விரித்து, வேட்டியோடு சித்தப்பாவும் மாப்பிள்ளையின் தம்பியும் நின்றுவிட்டார்கள். அப்போது கீழ் வயலில் ஒரு காட்டுமாடு. வேலிக்கும் எங்களுக்கும் நாற்பதடி இருக்கும். காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி, முதுகு இந்த உயரம். வீட்டுக்காரர் ‘யாரும் அசையாதீர்கள், அதுவே போய்விடும்’ என்றார். அது போகவில்லை. வேலியோரப் புல்லை நிதானமாக மேய்ந்தது. வெள்ளை வேட்டியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு சித்தப்பா நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். 7.50க்குத்தான் நகர்ந்தது. எமகண்டப் பிரச்சினையும் தானாகத் தீர்ந்தது.

அதற்குள் மேகம் ஏறிவிட்டது. வயல் தெரியவில்லை, மலை தெரியவில்லை. ஒரு ஸ்டாப் கூட்டி, சரிகையில் குவித்து எடுத்திருக்கிறார் நண்பர். வெள்ளைக்குள் நாங்கள் பதினான்கு பேர் மட்டும் இருக்கிறோம். நன்றாகவே இருக்கிறது. ஆனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: காட்டுமாடு 61 படம், தாலி கட்டுவது 9 படம். பறவைக்காரர் புத்தி. மேகம் விலகிய பிறகு, ஒன்பது மணிக்கு, மாலையோடு நேராக நிற்க வைத்து ஒன்று எடுத்தோம். அது சார்பதிவாளருக்கு. அடுத்த வாரம் போகிறோம்.

அப்பா வரவில்லை.

அந்த ஒன்பதில் நான்காவது படத்தில் அம்மாயி அட்சதையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முடிச்சுக்காகக் காத்திருக்கிறார். எல்லோரும் குல்லாவைக் கழற்றிவிட்டார்கள், அவர் தலையில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். காதோரம் நூல் பிரிந்த அந்தப் பழுப்புக் குல்லா அப்பாவுடையது, இரவு ஷிப்டுக்குப் போட்டுக்கொண்டு போவார். அம்மாயியிடம் கேட்டேன். ‘வண்டி ஏறும்போது உங்கப்பாதான் கையில் கொடுத்தார், மேலே குளிரும் என்று’ என்றார்.

மொட்டைமாடி | பிப்ரவரி 15

வாழ்த்துகள் தங்கச்சி. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டில் மாட்டு.

ஒளிவாசகன் | பிப்ரவரி 16

மேகமாக இருக்கிறதே என்று கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடாதீர்கள். அந்தப் பழுப்பு போய்விடும்.